பசு ஈனும் காலமும் அதற்கு முந்திய அறுபது நாட்களும்

மேற்கு மலைத் தொடரின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் ஒன்றிரண்டு பசுக்களை வைத்துப் பால் ஊற்றி ஜீவிக்கும் குடும்பங்கள் பல. நிலமுடையார்க்கு அது உபதொழில்; நிலமில்லாதார்க்கு அதுவே தொழில். இத்தகைய குடும்பத்தின் வருஷக் கணக்கில் லாபமா நஷ்டமா என்பது தீர்மானமாகும் இடம் சங்கத்தில் பால் அளக்கும் இடமன்று; பசு ஈனும் தொழுவமே ஆகும். இன்னும் நுட்பமாகச் சொல்லுமிடத்து, ஈனுவதற்கு முந்திய இரண்டு மாதமும், ஈன்ற பின் முதல் ஆறு மணி நேரமும் ஆகும். கறவை நடக்கும் பத்து மாதத்தில் நேரும் பிழையைத் திருத்திக்கொள்ள அவகாசம் உண்டு. இந்த அறுபது நாட்களிலும் ஆறு மணி நேரத்திலும் நேரும் பிழையின் பலனையோ அடுத்த ஈற்று வரையில் அனுபவித்தே தீர வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் கீர்த்தி யாவரும் அறிந்தது. 2019-ஆம் வருஷத்தில் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பாலும் சர்க்கரையுமே அதன் சரக்கு. ஆகவே கோவா அடுப்பு எரியும் வரையில் பாலுக்குத் தேவை ஓய்வதில்லை. ஆடிப்பூரத் தேரோட்டத்திற்கு ஜனங்கள் திரளும்போதும், தீபாவளி நெருங்கும்போதும் அத்தேவை பன்மடங்காகும். வாங்குவோர் வாசலில் காத்திருக்க, மடியில் இன்னும் இரண்டு லிட்டர் பால் சுரக்கும் பசுவைக் கறவாது விடுவதற்கு எவருக்கு மனம் வரும்? இதனால், பசு தானாக நிறுத்தும் வரையில் கறந்துகொண்டே போவதும், சில தொழுவங்களில் ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரையில் கறப்பதும் வழக்கமாகி விடுகின்றன. பால்கோவாவினால் இப்பகுதிக்கு வந்த நன்மை பெரிது. எனினும் பசுவின் ஓய்வு நாட்களை அது தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அங்கத்தினர்களைச் சேர்ந்தது.

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். எருமைக்குச் சுமார் 310 நாட்கள். பொங்கலன்று சினை ஊசி போட்ட பசு ஐப்பசி முதல் வாரத்தில் ஈனும். அங்கிருந்து 60 நாட்களைப் பின்னோக்கி எண்ணினால் கறவை நிற்க வேண்டிய நாள் ஆவணி முதல் வாரத்தில் வரும். அதாவது, ஆடிப்பூரம் கழிந்து அதிக நாட்கள் ஆகுமுன் அப்பசு ஓய்வுக்குப் போய்விட வேண்டும். இக்கணக்கைப் பார்த்தால், ஓய்வு பெற்று ஈன்ற பசுவின் நிறைந்த கறவை தீபாவளியை ஒட்டிய நாட்களிலும் அதன் பின்னுமே கிடைப்பதும் விளங்கும்.

ஓய்வு எதற்கு என்று கேட்பவர்க்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். பால் சுரக்கும் மடியின் நுண்ணிய அறைகள் பத்து மாத வேலையில் தேய்ந்து போகின்றன. கறவை நின்ற பிறகே பழையன கழிந்து புதியன உண்டாகின்றன. வயிற்றிலுள்ள கன்று, தான் பிறக்கும்போது உள்ள எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடைசி மூன்று மாதத்திலேயே அடைகிறது. தாய் தின்னும் தீவனம் அந்தச் சமயத்தில் பாத்திரத்துக்குப் போவதா கன்றுக்குப் போவதா என்பதே கேள்வி. மூன்றாவது காரணம் பலர் அறியாதது. நோயை எதிர்க்கும் சத்து தாயின் இரத்தத்திலிருந்து மடிக்கு இறங்கிச் சீம்பாலில் சேர்வது ஈனுவதற்கு முந்திய சில வாரங்களில்தான். கடைசி நாள் வரையில் கறக்கப்பட்ட பசுவின் சீம்பால் பார்வைக்குச் சீம்பாலாக இருக்கலாம்; அதில் இருக்க வேண்டியது குறைந்திருக்கும்.

இதனைக் கணக்கிலும் பார்க்கலாம். ஓய்வின்றிக் கறக்கப்பட்ட பசு அடுத்த ஈற்றில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ பாலைக் குறைக்கும் என்பது பல தேசங்களில் நடந்த சோதனைகளில் கண்ட முடிவு. கடைசி 60 நாட்களில் நாள் ஒன்றுக்கு 2 லிட்டர் கறந்தால் 120 லிட்டர் வரவு. அடுத்த ஈற்றில் நாள் ஒன்றுக்குச் சராசரி 6 லிட்டர் வீதம் 300 நாட்கள் கறக்கவேண்டிய பசுவின் மொத்தப் பால் 1,800 லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு 360 லிட்டர். வந்தது 120, போனது 360. மெலிந்து பிறந்த கன்றின் நஷ்டம் இக்கணக்கில் சேரவில்லை.

கணக்கு தெளிவாயிருந்தும் ஒற்றைப் பசு வைத்திருப்பவர் அதன்படி நடக்க இயலாமைக்கு அறியாமை காரணமன்று. நாள்தோறும் அந்த இரண்டு லிட்டரின் காசில்தான் அரிசி வாங்க வேண்டியிருக்கிறது; பசு வாங்கிய கடனுக்குத் தவணையும் மாதம் தவறாமல் வருகிறது. அறுபது நாள் வரவின்றி இருப்பது எப்படி என்று அவர் கேட்டால் அதற்கு உபந்நியாசம் மறுமொழியாகாது. இவ்விடத்தில்தான் கூட்டுறவுச் சங்கத்திற்கு வேலை இருக்கிறது. பால் ஊற்றும் பத்து மாதத்தில் லிட்டருக்கு 2 ரூபாய் வீதம் அங்கத்தினர் சம்மதத்துடன் பிடித்து, அவர் பேரில் தனிக்கணக்காக வைத்தால், 1,800 லிட்டருக்கு 3,600 ரூபாய் சேரும். அதனைக் கறவை நின்ற 60 நாட்களில் திருப்பிக் கொடுத்தால் நாளுக்கு 60 ரூபாய் ஆகிறது. பசுக்கடனின் தவணைகளை வருஷத்திற்குப் பன்னிரண்டாக வைப்பதை விட்டுப் பத்தாக வைத்துப் பால் இல்லாத இரண்டு மாதத்தைத் தள்ளி விடுவதும் செய்யத்தக்கது. கடன் கொடுப்பவர்க்கும் இதனால் குறைவு இல்லை. அடுத்த ஈற்றில் நன்றாகக் கறக்கும் பசுவே கடனுக்கு நல்ல ஈடு.

அடிவாரத்து மலைமாட்டுக் கிடைகளை வைத்திருந்தோர்க்கு இந்தப் பாடம் தேவைப்பட்டதில்லை. எருவுக்கும் உழவுக்கும் வளர்க்கப்பட்ட அம்மாடுகளின் பாலைப் பெரும்பாலும் கன்றே குடித்தது. கன்று வளர வளரத் தாய் தானாகவே வற்றி விட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலைப் புலிகள் காப்பகம் 2021-ல் அறிவிக்கப்பட்டது. சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றினுள் மேய்ச்சல் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2022-ல் உத்தரவிட்டது. இதன் பயனாகக் கிடையைக் குறைத்துவிட்டுக் கட்டுத்தறியில் ஜெர்சிக் கலப்புப் பசு வளர்க்க முற்படுவோர், காட்டில் இயற்கை செய்த காரியத்தைத் தொழுவத்தில் தாமே செய்ய வேண்டியவராகிறார்கள்.

கறவை நிறுத்துவது கடினமன்று. குறித்த நாளுக்கு ஒரு வாரம் முன்பே பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, கலப்புத் தீவனம் ஆகியவற்றைக் குறைத்து, வைக்கோலும் சோளத்தட்டையும் மட்டும் கொடுத்து வந்தால் சுரப்பு தானே குறையும். தண்ணீரை நிறுத்தும் பழைய யோசனை நம் வெயிலுக்கு ஏற்றதன்று. நாள் ஒன்றுக்கு 4 லிட்டருக்குள் கறக்கும் பசுவானால் ஒருநாள் முழுதும் ஒட்டக் கறந்து, பிறகு மடியைத் தொடாமல் விட்டு விடலாம். மடி கனத்து இரண்டு மூன்று நாட்கள் விறைத்திருக்கும்; அவ்விறைப்பே சுரப்பை நிறுத்தும் மருந்து. இரக்கப்பட்டுப் பாதி கறப்பவர் அம்மருந்தை வீணாக்குகிறார். ஆயினும் மடி சூடாகி, தொட்டால் பசு உதைக்குமாயின் அது மடிநோய். அப்போது கால்நடை மருத்துவரைக் காட்ட வேண்டும். முன்பே மடிநோய் கண்ட பசுவுக்குக் கறவை நிறுத்தும் நாளில் காம்புகளினுள் செலுத்தத்தக்க மருந்தும் அவரிடம் உண்டு.

மடி வற்றியதும் தீவனத்தைப் படிப்படியாகக் கூட்டலாம். இதில் ஓர் எச்சரிக்கை. சினைமாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து நல்லது என்று கேள்விப்பட்டவர், ஈனுவதற்கு முந்திய இரண்டு மூன்று வாரத்தில் அதனை அள்ளிக் கொடுப்பதுண்டு. இது தலைகீழான பலனைத் தரும். தீவனத்தில் தாராளமாகக் கிடைக்கும்போது, எலும்பில் சேமித்த சுண்ணாம்பை எடுத்துப் பயன்படுத்தும் வேலையை உடம்பு மறந்திருக்கும். ஈன்றவுடன் மடிக்குத் திடீரெனச் சுண்ணாம்பு வேண்டியிருக்க, இரத்தத்தில் அது குறைந்து பசு விழுந்து விடும். பால் காய்ச்சல் என்று பெயர் பெற்ற இந்த நோயில் காய்ச்சல் இல்லை. காதும் காலும் சில்லிட்டிருக்கும். மூன்றாம் ஈற்றுக்கு மேற்பட்ட, நன்றாகக் கறக்கும் பசுவுக்கே, அதிலும் ஜெர்சி இரத்தம் உள்ளதற்கே இது அதிகம். ஈன்ற மூன்று நாட்களுக்குள் பசு தள்ளாடி, படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாவின்மேல் சாய்த்துக்கொண்டால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. வாயில் கஷாயம் ஊற்றவும் கூடாது. விழுங்கும் சக்தி இல்லாமையால் அது நுரையீரலில் இறங்கும்.

ஒரு காலத்தில் இந்த நோய் கண்ட பசுக்களில் பெரும்பாலானவை இறந்தன. டென்மார்க் தேசத்துக் கால்நடை வைத்தியர் ஷ்மிட் என்பார் 1897-ல் மடிக்குள் மருந்து நீரைச் செலுத்தி அவற்றைப் பிழைக்க வைத்தார். பின்னர் வெறும் காற்றைச் செலுத்தினாலே போதும் என்று கண்டார்கள். காற்றின் அழுத்தத்தால் சுரப்பு நின்றது, சுண்ணாம்பு இரத்தத்திலேயே தங்கியது என்ற காரணம் பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. இரத்தத்தில் சுண்ணாம்பு குறைவதே நோய் என்று 1925-ல் ஸ்காத்லாந்தில் எடுத்துரைத்தார்கள். இன்று மருத்துவர் நரம்பு வழியே ஏற்றும் கால்சியம் மருந்தினால், சாகக் கிடந்த பசு சில மணி நேரத்தில் எழுந்து நின்று வைக்கோல் தின்னும்.

ஈனும் நாள் நெருங்குவதை அங்கத்தினர்கள் அனுபவத்தில் அறிவார்கள்: மடி புடைக்கும், வால் அடியின் இரு பக்கமும் குழி விழும், பசு நிலைகொள்ளாமல் படுப்பதும் எழுவதுமாயிருக்கும். அப்போது அதனைத் தறியில் இறுகக் கட்டாமல், உலர்ந்த வைக்கோல் பரப்பிய இடத்தில் விட வேண்டும். பனிக்குடம் வெளிப்பட்டபின் முதலில் தெரிய வேண்டியது இரண்டு முன்கால்களும் அவற்றின்மேல் படிந்த மூக்கும். அவ்வாறு இருந்தால் பொறுமையே உதவி. ஒரு கால் மட்டும் தெரிந்தாலும், வால் தெரிந்தாலும், பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் காரியம் நகராவிட்டாலும், பத்துப் பேர் கூடி இழுக்கும் வேலையைச் செய்யாமல் மருத்துவரை அழைக்க வேண்டும். 1962 என்னும் தொலைபேசி எண் இதற்கென்றே உள்ளது. சிறுகூட்டு மாட்டுக்குப் பெருவகைக் காளையின் ஊசி போட்ட இடத்தில்தான் இத்தொல்லை மிகுதி. தலையீற்றுக் கிடாரிக்கு ஊசி போடும் நாளிலேயே இதனை யோசித்திருக்க வேண்டும்.

கன்று விழுந்ததும் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை வழித்து, தாயை நக்க விட்டு, தொப்புள் கொடியை வயிற்றிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டி அறுத்து, டிங்சர் அயோடின் தடவ வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் தொழுவம் சேறாகிக் கிடக்கும். தொப்புள் வழியே நோய் ஏறுவது அந்த மாதங்களில் அதிகமாதலால் மருந்தை மூன்று நான்கு நாட்கள் தொடர்ந்து தடவுவது நலம்.

இனிச் சீம்பால். மனிதக் குழந்தைக்கு நோயெதிர்க்கும் சத்தில் ஒரு பகுதி கர்ப்பத்திலேயே கிடைத்து விடுகிறது. கன்றுக்கு அவ்வாறில்லை; பசுவின் கருப்பை அதனை விடுவதில்லை. வெறுங்கையோடு பிறக்கும் கன்றுக்குச் சீம்பால் ஒன்றே கவசம். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் என்னும் விஞ்ஞானியும் அவருடைய துணைவரும் 1922-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், சீம்பால் மறுக்கப்பட்ட கன்றுகளில் பெரும்பாலானவை சில நாட்களில் இறந்ததையும், குடித்தவை பிழைத்ததையும் காட்டினார்கள். மேலும் அந்தச் சத்து கன்றின் குடலிலிருந்து இரத்தத்தில் சேரும் வழி பிறந்த நேரத்திலிருந்தே குறுகத் தொடங்கி, ஒரு நாளில் அடைபட்டு விடுகிறது. காலையில் பிறந்த கன்று மறுநாள் காலையில் வயிறு நிறையக் குடித்தாலும் அது பசியாற்றும் ஆகாரமே, கவசமாகாது.

ஆகவே, இளங்கொடி விழுந்த பிறகுதான் கன்றை ஊட்ட விடவேண்டும் என்று காத்திருக்கும் பழக்கம் மிகக் கேடானது. இளங்கொடி விழ எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ ஆகலாம். அதற்குள் கன்றுக்கு வேண்டிய நேரத்தில் பெரும்பகுதி கடந்துவிடும். உண்மையில் கன்று ஊட்டுவதனாலேயே கருப்பை சுருங்கி இளங்கொடி விரைவில் கழிகிறது. 25 கிலோ எடையுள்ள கன்றுக்கு முதல் நாளில் சுமார் இரண்டரை லிட்டர் சீம்பால் வேண்டும். அதில் பாதியாவது முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். எழ மாட்டாத கன்றுக்குக் கறந்து, புட்டியில் ஊட்ட வேண்டும். தாய் இறந்துவிட்டால் அண்டைத் தொழுவத்தில் ஈன்ற பசுவின் சீம்பாலைக் கேட்டு வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துச் சீம்பாலைக் கிண்டி அண்டை அயலுக்குக் கொடுப்பது அழகிய வழக்கம். அதனை விட வேண்டுமென்பதில்லை. நல்ல பசு கன்றின் தேவைக்கு மேலாகவே சுரக்கும். கன்றின் பங்கு முதலிலும் வீட்டின் பங்கு பிறகும் என்ற வரிசை மாறாதிருந்தால் போதும். ஆனால் அது சங்கத்தின் பாலில் கலக்கக் கூடாது. சீம்பால் சூடேறினால் திரிந்து கட்டியாகும் என்பதை அதைக் கிண்டியவர் அறிவர். ஒருவர் ஊற்றிய ஒரு செம்பு ஒரு கொப்பரைப் பாலையே கெடுக்கக் கூடும். ஈன்ற ஐந்து நாட்கள் வரையில் பாலை அளக்காமல் இருப்பது கோவா அடுப்பின்முன் நிற்பவரின் கூலியையும் காக்கும் காரியம்.

இளங்கொடி பாதி தொங்கும்போது அதில் கல்லைக் கட்டுவதும் கையால் பிடித்து இழுப்பதும் கருப்பையைக் கிழிக்கும். பன்னிரண்டு மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விழுந்த கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் தொங்கவிடுவது பழைய வழக்கம். பால் வடியும் மரமாதலால் பசுவும் பால் சொரியும் என்பது அதன் கருத்து. நாயும் பசுவும் அதனைத் தின்னாமல் காத்தது அதன் பிரயோஜனம். எனினும் இன்று ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதே உசிதம். ஏனெனில், சினையின் பிற்பகுதியில் கன்று வீசச் செய்யும் புருசெல்லா என்னும் கிருமி இளங்கொடியிலும் கருப்பை நீரிலும் மிகுந்திருக்கும்; அது மனிதருக்கும் தொற்றி, விட்டு விட்டு வரும் சுரத்தையும் மூட்டு வலியையும் உண்டாக்கும். தொழுவத்தில் இவ்வேலையைச் செய்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் உறையையாவது மாட்டிக்கொண்டு, பிறகு சோப்பினால் கழுவ வேண்டும். இக்கிருமிக்கு எதிரான ஊசி, 2019-ல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின் கீழ், நான்கு மாதத்திற்கு மேல் எட்டு மாதத்திற்குள் உள்ள கிடாரிக் கன்றுகளுக்குப் போடப்படுகிறது. ஆயுளில் ஒருமுறை போட்டால் போதுமென்பதால், அந்த வயது கடந்தபின் நினைத்துப் பயனில்லை.

ஈன்ற பசு நல்ல நிலையில் இருந்தால் 60 நாட்களுக்குமேல் 90 நாட்களுக்குள் பருவத்துக்கு வரும்போது மறுபடி சினை ஊசி போடலாம். அத்தேதியைப் பால் அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி, சினை நின்றது உறுதியானதும் அதிலிருந்து 220-ஆம் நாளையும் பக்கத்தில் குறித்துவிட வேண்டும். கறவை நிற்க வேண்டிய நாள் அது.